பொருள் சரி, இனம் தவறு: ஆங்கில இணைப்புச் சொற்களைப் பழுது பார்ப்பது எப்படி?

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி முடித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் எங்கோ இடறுகிறது. சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்டினாலும் பொருள் பிழை எதுவும் தென்படவில்லை. மாணவர்களின் கட்டுரைகளையும் வேலை விண்ணப்பங்களையும் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். அந்த இடறல் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் இணைப்புச் சொல் ஒன்றின் அருகில்தான் போய் நிற்கிறேன். ஹவெவர், தேர்ஃபோர், மோரோவர், டெஸ்பைட், அன்லெஸ் போன்ற அலுவல் நடைச் சொற்கள்தாம் அவை.

காரணம் எளிது. பட், ஹவெவர், ஆல்தோ, டெஸ்பைட் என்ற நான்குக்கும் 'ஆனால், இருந்தாலும்' என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தவர்கள் நாம். பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நான்கும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை. தனக்கு முன்னும் பின்னும் என்ன வர வேண்டும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் உண்டு. தமிழில் இந்தத் தொல்லை குறைவு. நாம் வாக்கியங்களைப் பெரும்பாலும் வினையின் வாலில் முடிச்சுப் போடுகிறோம்: பெய்தால், பெய்தாலும், பெய்ததால், பெய்தும். 'உம்' என்ற ஒற்றை இடைச்சொல்லுக்கே எட்டுப் பொருள் உண்டு என்று தொல்காப்பியமும் நன்னூலும் எண்ணிக் காட்டுகின்றன. வினையோடு ஒட்டிக்கொண்ட முடிச்சை இடம் மாற்றி வைக்க முடியாது. ஆங்கிலத்தில் முடிச்சு தனிச் சொல்லாக வெளியே நிற்கிறது. அதனால் தவறான இடத்திலும் அதை வைத்துவிடலாம்.

இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்தப் பிழைகளில் பல கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்புவதில்லை.

எதையும் திருத்துவதற்கு முன்: இனம் காணும் மூன்று சோதனைகள்

முதலாவது, நகர்த்திப் பார்ப்பது. 'ஹவெவர், த பேங்க் ரெஃப்யூஸ்ட்' என்பதை 'த பேங்க், ஹவெவர், ரெஃப்யூஸ்ட்' என்று மாற்றலாம், வாக்கியம் உடையவில்லை. 'த பேங்க், பட், ரெஃப்யூஸ்ட்' என்று சொல்லிப் பாருங்கள், உடைந்துவிடும். இப்படி நகரக்கூடிய சொல் உண்மையில் வாக்கியங்களைக் கட்டுவதில்லை. அது ஒரு வினையடை. முன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். தேர்ஃபோர், மோரோவர், நெவர்தலெஸ், கான்சிக்வென்ட்லி எல்லாம் இந்தக் கூட்டம்.

இரண்டாவது, புரட்டிப் பார்ப்பது. 'த ட்ரெயின் லெஃப்ட் ஆன் டைம் ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங்' என்பதில் ஆல்தோ தொடங்கும் பகுதியை அப்படியே தூக்கி முன்னால் வைக்கலாம்: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், த ட்ரெயின் லெஃப்ட் ஆன் டைம்.' இப்படிப் புரளும் சொற்கள் துணை வாக்கியத்தைத் தொடங்குபவை. பிகாஸ், சின்ஸ், வேர்ஆஸ், அன்லெஸ், அன்டில் ஆகியவை இந்த இனம்.

மூன்றாவது, வெறும் பெயர்ச்சொல்லை வைத்துப் பார்ப்பது. 'டெஸ்பைட் த ரெயின்' முழுமையாக ஒலிக்கிறது. 'ஆல்தோ த ரெயின்' பாதியில் நிற்கிறது. பெயர்ச்சொல்லோடு நிறைவு பெறும் டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப், டியூ டு, பிகாஸ் ஆஃப் ஆகியவை முன்னிடைச் சொற்கள்.

மூன்றிலும் தேறாமல், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் மட்டும் நிற்பவை அண்ட், பட், ஆர், சோ. சந்தேகம் வரும்போதெல்லாம் அகராதியின் பொருளுக்குப் போகாமல் இந்தச் சோதனைகளுக்கு வாருங்கள்.

அறிகுறி: ஹவெவருக்கு இரு பக்கமும் காற்புள்ளி இருக்கிறது, ஆனாலும் வாக்கியம் எங்கே முடிந்தது என்று தெரியவில்லை

'ஐ அப்ளைட் இன் மார்ச், ஹவெவர், ஐ ரிசீவ்ட் நோ ரிப்ளை.'

நான் பார்க்கும் பிழைகளில் இதுதான் அதிகம். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்களும் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் முழு வாக்கியம். நடுவில் நிற்கும் ஹவெவருக்கு அவற்றைக் கட்டும் வலு இல்லை. அது நகரும் இனம். ஆகவே இரண்டு முழு வாக்கியங்களை ஒரு காற்புள்ளி மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் காற்புள்ளிக்கு அந்த வலு கிடையாது. ஹவெவர் முன் வாக்கியத்தின் வாலா, பின் வாக்கியத்தின் தலையா என்று படிப்பவர் தடுமாறுகிறார்.

இந்தப் பழக்கம் தமிழிலிருந்து வருகிறது. 'எனக்குக் காய்ச்சல், எனவே வரவில்லை' என்று எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை. நம் எழுத்தில் காற்புள்ளி மூச்சு விடும் இடம். ஆங்கில அலுவல் நடையில் அது இலக்கண எல்லை.

சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக உடைக்கலாம்: 'ஐ அப்ளைட் இன் மார்ச். ஹவெவர், ஐ ரிசீவ்ட் நோ ரிப்ளை.' ஹவெவருக்கு முன்னால் அரைப்புள்ளி வைக்கலாம். இரண்டு செய்தியும் நெருங்கியவை என்றால் இது அழகு. அல்லது ஹவெவரை எடுத்துவிட்டு பட் போடலாம்: 'ஐ அப்ளைட் இன் மார்ச், பட் ஐ ரிசீவ்ட் நோ ரிப்ளை.' எந்த வழி என்று என்னைக் கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்வேன். பட் என்பது பேச்சு வழக்குச் சொல், அலுவல் கடிதத்துக்கு ஆகாது என்று நம் பள்ளிகளில் ஊறிப்போன எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் பட் தாராளமாக வருகிறது, வாக்கியத்தின் தொடக்கத்திலும்கூட.

தேர்ஃபோர், மோரோவர், நெவர்தலெஸ், ஹென்ஸ், தஸ் ஆகியவை இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வரும்போதும் மருந்து இதேதான். சோ மட்டும் விதிவிலக்கு; அதற்கு முன்னால் காற்புள்ளி போதும்.

இதன் மறுபக்கக் கோளாறு ஒன்றும் உண்டு: வாக்கியத் தொடக்கத்தில் ஹவெவர் போட்டுவிட்டுக் காற்புள்ளியை விட்டுவிடுவது. 'ஹவெவர், யூ டிட் இட்' என்றால் 'ஆனாலும் நீங்கள் அதைச் செய்தீர்கள்'. காற்புள்ளி இல்லாமல் 'ஹவெவர் யூ டிட் இட்' என்றால் 'எப்படிச் செய்தீர்களோ, அப்படிச் செய்திருந்தாலும்' என்று பொருள் மாறி, வாக்கியம் முடியாமல் தொங்கும். ஒரு சிறு கோட்டின் வேலை அது.

அறிகுறி: பிகாஸ் என்று தொடங்கும் வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது

'ஐ குட் நாட் அட்டெண்ட் தி இன்டர்வியூ. பிகாஸ் மை ஃபாதர் வாஸ் இன் ஹாஸ்பிட்டல்.'

இதை எழுதியவர் மனத்தில் ஓடியது 'ஏனெனில்'. தமிழில் ஏனெனில் என்ற சொல் புதிய வாக்கியத்தைத் தொடங்கலாம்: 'நேர்காணலுக்கு வர முடியவில்லை. ஏனெனில் அப்பா மருத்துவமனையில் இருந்தார்.' குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பிகாஸ் அப்படி அல்ல. அது துணை வாக்கியத்தைத் தொடங்கும் இனம். முதன்மை வாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். தமிழில் அதற்கு நேர் இணை 'ஏனெனில்' அல்ல, 'இருந்ததால்' என்பதில் உள்ள 'ஆல்'. 'அப்பா மருத்துவமனையில் இருந்ததால்' என்று சொல்லி முற்றுப்புள்ளி வைப்போமா? வைக்க மாட்டோம். பிகாஸை 'ஏனெனில்' என்று படிக்காமல் 'ஆல்' என்று படித்தால் இந்தப் பிழை தானாக மறைந்துவிடும். என் மாணவர்களிடம் பலமுறை சோதித்துப் பார்த்த வழி இது.

முற்றுப்புள்ளியை நீக்கி இரண்டையும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று சிலருக்குக் கற்பித்திருப்பார்கள். அது தேவையற்ற தடை. 'பிகாஸ் மை ஃபாதர் வாஸ் இன் ஹாஸ்பிட்டல், ஐ குட் நாட் அட்டெண்ட் தி இன்டர்வியூ' என்பது பழுதில்லாத வாக்கியம். பின்னால் முதன்மை வாக்கியம் வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

பிகாஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் இரண்டாகப் பிளக்கும். 'ஹீ டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹீ வாஸ் அஃப்ரெய்ட்.' பயத்தால் அவர் பதவி விலகாமலே இருந்துவிட்டாரா? அல்லது விலகினார், ஆனால் காரணம் பயம் அல்லவா? எழுத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. தமிழிலும் 'பயந்துபோய் அவர் விலகவில்லை' என்றால் இதே குழப்பம்தான். முதல் பொருள் வேண்டுமானால் பிகாஸ் பகுதியை முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டாம் பொருள் வேண்டுமானால் 'இட் வாஸ் நாட் அவுட் ஆஃப் ஃபியர் தட் ஹீ ரிசைன்ட்' என்று வாக்கியத்தையே மாற்றுங்கள். நாட், பிகாஸ் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று இதைச் சோதிப்பது நல்லது.

'த ரீசன் இஸ் பிகாஸ்' என்பதற்குப் பதிலாக 'த ரீசன் இஸ் தட்' என்று எழுதுங்கள். காரணத்தை ஒருமுறை சொன்னால் போதும்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு முடிச்சு

'ஆல்தோ ஐ ஹேட் எ ரிசர்வ்ட் டிக்கெட், பட் ஐ வாஸ் நாட் அலவ்ட் டு போர்ட்.'

'சின்ஸ் த ஆஃபீஸ் வாஸ் க்ளோஸ்ட், சோ ஐ கேம் பேக்.'

இந்தப் பிழைக்குத் தமிழைப் பழி சொல்வார்கள். அது நியாயம் இல்லை. 'டிக்கெட் இருந்தாலும், ஆனால் ஏற விடவில்லை' என்று தமிழ் பேசும் எவரும் சொல்ல மாட்டார். 'அலுவலகம் மூடியிருந்ததால், எனவே திரும்பி வந்தேன்' என்றும் சொல்ல மாட்டார். ஆகவே தமிழ்க் காதுதான் இங்கே மிகச் சிறந்த கருவி. ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் இரண்டாவது முடிச்சு உறுத்தினால் ஆங்கிலத்திலும் அதை அவிழ்த்துவிடுங்கள். ஆல்தோ இருந்தால் பட் வேண்டாம்; பட் இருந்தால் ஆல்தோ வேண்டாம்.

பழைய இலக்கணப் பாடங்களில் 'தோ ஹீ இஸ் புவர், யெட் ஹீ இஸ் ஹானஸ்ட்' என்று வரும். அது பிழை அல்ல, பழைய நடை. யெட் என்பதை அங்கே 'ஆயினும்' என்ற வினையடையாகக் கையாண்டார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள்தாம் யெட் நின்ற இடத்தில் பட் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். இன்று எழுதும் கடிதத்தில் யெட்டும் தேவையில்லை.

அறிகுறி: 'டெஸ்பைட் ஆஃப்', 'டியூ டு ஐ வாஸ் இல்'

டெஸ்பைட் தனியாக நிற்கும். இன் ஸ்பைட்தான் ஆஃபைக் கேட்கும். இன் ஸ்பைட் ஆஃப் என்பது மூன்று தனிச் சொற்கள். முதல் இரண்டையும் ஒட்டி எழுதுவது தவறு.

டியூ டு விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. நம்மிடம் இரண்டு அமைப்புகள் உண்டு. 'காய்ச்சல் காரணமாக' என்பதில் பெயர்ச்சொல்; 'காய்ச்சல் வந்ததால்' என்பதில் வினை. 'காரணமாக' என்று சொல்லத் தோன்றினால் டியூ டு அல்லது பிகாஸ் ஆஃப். 'ததால்' என்று சொல்லத் தோன்றினால் பிகாஸ். 'காய்ச்சல் வந்தது காரணமாக' என்று நாம் சொல்வதில்லை அல்லவா? 'டியூ டு ஐ வாஸ் இல்' கேட்பவர் காதில் அப்படித்தான் விழுகிறது. 'டியூ டு இல்னெஸ்' என்று சுருக்குங்கள், அல்லது 'பிகாஸ் ஐ வாஸ் இல்' என்று விரியுங்கள். இரண்டுக்கும் நடுவில் 'டியூ டு த ஃபேக்ட் தட்' என்று நீட்டி முழக்குவதும் இலக்கணப்படி சரிதான். ஆனால் பிகாஸ் என்ற ஒரு சொல் செய்யும் வேலைக்கு அங்கே ஐந்து சொற்கள்.

அறிகுறி: சொன்னதற்கு நேர் எதிரான பொருள் வந்துவிட்டது

இது ஆபத்தான கோளாறு. மற்றவை அழகைக் கெடுக்கும். இது செய்தியையே தலைகீழாக்கும்.

'அன்லெஸ் யூ டூ நாட் பே த ஃபீ, யுவர் நேம் வில் பி ரிமூவ்ட்.' எழுதியவர் சொல்ல நினைத்தது: கட்டணம் கட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும். எழுதியதற்குப் பொருள்: கட்டணம் கட்டினால் பெயர் நீக்கப்படும். 'கட்டாவிட்டால்' என்பதில் எதிர்மறை வினைக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த எதிர்மறை அன்லெஸ் என்ற சொல்லுக்குள்ளேயே ஏறிவிட்டது. அதன் பிறகு நாட் போட்டால் எதிர்மறை இரண்டாகி ஒன்றையொன்று தின்றுவிடும். 'அன்லெஸ் யூ பே த ஃபீ' என்பதே போதும்.

அன்டில் இதைவிட நுட்பமானது. 'அவர் வராத வரை தொடங்க வேண்டாம்', 'அவர் வரும் வரை தொடங்க வேண்டாம்' என்று இரண்டு விதமாகவும் நாம் சொல்கிறோம், பொருள் ஒன்றே. ஆங்கிலம் இரண்டாவதை மட்டுமே ஏற்கும்: 'டூ நாட் பிகின் அன்டில் ஹீ கம்ஸ்.' 'அன்டில் ஹீ டஸ் நாட் கம்' என்பது 'வராத வரை' என்ற தமிழின் நிழல். பள்ளித் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் லெஸ்ட்டும் இதே குடும்பம்: 'ஒர்க் ஹார்ட் லெஸ்ட் யூ ஷுட் ஃபெயில்.' தோற்காதபடிக்கு என்பதன் எதிர்மறை லெஸ்ட்டிலேயே இருக்கிறது. இன்னொரு நாட் சேர்த்தால், தோற்பதற்காக உழைக்கச் சொன்னதாக ஆகிவிடும்.

அறிகுறி: ஆன் த கான்ட்ரரி போட்ட இடத்தில் ஆசிரியர் கேள்விக்குறி வைத்திருக்கிறார்

'மை பிரதர் இஸ் டால். ஆன் த கான்ட்ரரி, மை சிஸ்டர் இஸ் ஷார்ட்.'

தமிழ் 'மாறாக' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. 'அவர் ஏழை அல்லர். மாறாக, பெரும் செல்வந்தர்' என்பதில் முன் கூற்றை மறுக்கிறது. 'அண்ணன் உயரம், மாறாக, தங்கை குள்ளம்' என்பதில் வேறுபாடு காட்டுகிறது, எதையும் மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு ஆட்கள். மறுப்புக்கு ஆன் த கான்ட்ரரி. வேறுபாட்டுக்கு இன் கான்ட்ராஸ்ட் அல்லது வேர்ஆஸ். தங்கை குள்ளமாக இருப்பதால் அண்ணன் உயரமானவர் என்பது பொய்யாகிவிடவில்லை. ஆகவே அங்கே கான்ட்ரரிக்கு வேலை இல்லை. ஆன் தி அதர் ஹேண்ட் மூன்றாவது ஆள்: ஒரே விஷயத்தின் இரு பக்கங்களைத் தராசில் வைக்கும்போது வருவது. நகரத்தில் வேலை கிடைக்கும், மறுபுறம் வாடகை அதிகம் என்பது போல.

அறிகுறி: ஒப்பந்தத்தில் எந்த விதி மேலானது என்று புரியவில்லை

வாடகை ஒப்பந்தம், பணி நியமன ஆணை, அரசாணை எதைப் படித்தாலும் இரண்டு இணைப்புகள் எதிரே வரும்: நாட்வித்ஸ்டாண்டிங், சப்ஜெக்ட் டு. எழுதுவதற்கு முன் இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உரிமைகளும் கடன்களும் இவற்றில்தான் தொங்குகின்றன.

நினைவில் வைக்க ஒரு வழி: நாட்வித்ஸ்டாண்டிங்குக்குப் பின்னால் சொல்லப்படும் விதி தோற்கும். சப்ஜெக்ட் டுவுக்குப் பின்னால் சொல்லப்படும் விதி வெல்லும். 'நாட்வித்ஸ்டாண்டிங் க்ளாஸ் 7' என்றால் 7ஆம் பிரிவு என்ன சொன்னாலும் இதுவே செல்லும். 'சப்ஜெக்ட் டு க்ளாஸ் 7' என்றால் 7ஆம் பிரிவுக்கு உட்பட்டு மட்டுமே இது செல்லும். ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் தமிழாக்கும்போது நானே ஒருமுறை இந்தத் திசையை மாற்றி எழுதிவிட்டேன். குடியிருப்பவருக்கு இல்லாத உரிமை ஒன்று தாளில் வந்துவிட்டது. கையெழுத்தாகும் முன் ஒரு வழக்கறிஞர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இந்த இரு சொற்களையும் கண்டால் எந்த விதி வெல்கிறது, எது தோற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே மேலே படிக்கிறேன்.

இவற்றின் வலுவை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் இந்திய அரசமைப்பின் 246ஆம் பிரிவைப் பாருங்கள். ஏழாம் அட்டவணையின் மூன்று பட்டியல்களில் எதன்மீது யார் சட்டம் இயற்றலாம் என்று சொல்லும் பிரிவு அது. ஒன்றியப் பட்டியலில் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் முதல் உட்பிரிவு நாட்வித்ஸ்டாண்டிங் என்று தொடங்குகிறது: 2, 3 ஆகிய உட்பிரிவுகளில் எது இருந்தபோதிலும். மாநிலப் பட்டியலில் சட்டமன்றத்துக்கு அதிகாரம் தரும் மூன்றாம் உட்பிரிவோ சப்ஜெக்ட் டு என்று தொடங்குகிறது: 1, 2 ஆகிய உட்பிரிவுகளுக்கு உட்பட்டு. இரண்டு உட்பிரிவுகளும் 'பிரத்தியேக அதிகாரம்' என்றே பேசுகின்றன. ஆனால் மோதல் வந்தால் யார் கை ஓங்கும் என்பதை அந்த இரண்டு இணைப்புகளும் முதல் அடியிலேயே தீர்மானித்துவிட்டன. மாநில உரிமை பற்றி நாம் பேசிவரும் வாதங்களில் ஒரு பெரிய பகுதி இந்த இரண்டு சொற்களைச் சுற்றியே நடக்கிறது.

புரொவைடட் தட் என்பது சட்டத்தில் வரும்போது முன் சொன்ன விதிக்கு ஒரு விலக்கையோ வரம்பையோ தொடங்குகிறது. சட்டத் தமிழில் வரம்புரை என்பார்கள். கடிதத்தில் வரும்போது 'என்ற நிபந்தனையின் பேரில்'. 'வழங்கப்பட்டது' என்று மொழிபெயர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். வேர்ஆஸ் ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் வந்தால் 'இன்னின்ன நிலையில்' என்ற பின்னணி உரை. சாதாரணக் கட்டுரையில் அது பிகாஸ் போலவே தனித்து நிற்க முடியாத சொல்.

சின்னக் கோளாறுகள், சீக்கிரம் தீர்பவை

'நோ சூனர்' தொடங்கினால் பின்னால் தேன் வர வேண்டும், வென் அல்ல. வென் வருவது ஹார்ட்லிக்கும் ஸ்கேர்ஸ்லிக்கும்.

'நாட் ஒன்லி' வாக்கியத்தின் தலையில் நின்றால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும்: 'நாட் ஒன்லி டிட் ஹீ ரைட் த லெட்டர், பட் ஹீ ஆல்சோ போஸ்டட் இட்.' இந்தப் புரட்டல் சங்கடமாக இருந்தால் நாட் ஒன்லியை வாக்கியத்தின் நடுவில் வையுங்கள்.

ஆல்பீட் என்பது ஆல்தோவின் பகட்டான உறவினர் என்று நினைத்து முழு வாக்கியத்தைப் பின்னால் வைக்கிறார்கள். இன்றைய வழக்கில் அதற்குப் பின்னால் சிறு தொடர் போதும்: 'த ரிப்ளை கேம், ஆல்பீட் லேட்.'

'வித் ரிகார்ட் டு' என்பதில் ரிகார்ட் ஒருமை.

அறிகுறி: தனித்தனியே எல்லாம் சரி, சேர்த்துப் படித்தால் மூச்சு முட்டுகிறது

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத கட்டுரைக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது என்று வருந்தி வருபவர்கள் உண்டு. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுபவர்கள் இவர்களில் அதிகம். அந்தத் தேர்வின் இரண்டாம் எழுத்துப் பணியில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று, கருத்துகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது. அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஓர் இணைப்புச் சொல்லை ஏற்றிவிடுகிறார்கள்: ஃபர்ஸ்ட்லி, மோரோவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன். வெளியிடப்பட்ட மதிப்பீட்டு விளக்கமோ வேறு சொல்கிறது. இணைப்புகளை மிகையாகப் பயன்படுத்துவது நடுத்தர மதிப்பெண்ணான 5இன் அடையாளங்களில் ஒன்று. உச்சமான 9இல் இணைப்பு படிப்பவர் கவனத்தை அநேகமாக ஈர்க்கவே கூடாது.

மோரோவரிடம் நமக்குத் தனிப் பிரியம். 'மேலும்' என்பது நம் செய்தி நடையில் ஊறிய சொல். 'மேலும் அவர் கூறியதாவது' என்று படித்தே வளர்ந்தோம். தமிழ் 'மேலும்' அடுத்த செய்தி எதையும் சேர்க்கும். மோரோவர் அப்படிச் சேர்க்காது. ஒரு வாதத்தை ஏற்கெனவே சொல்லி, அதே வாதத்துக்கு இன்னும் கனமான ஆதாரம் வரும்போதே அதற்கு இடம். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். மோரோவர், கைண்ட்லி க்ரான்ட் மீ லீவ்' என்ற விடுப்புக் கடிதத்தில் இரண்டாம் வாக்கியம் ஆதாரம் அல்ல, வேண்டுகோள். அங்கே மோரோவருக்கு வேலை இல்லை.

பழுது நீக்கும் வழி: பத்தியில் உள்ள எல்லா இணைப்புச் சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். பொருள் தடையில்லாமல் ஓடும் இடங்களில் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். எங்கே படிப்பவர் திசை தெரியாமல் நிற்பாரோ அங்கே மட்டும் திரும்பச் சேருங்கள். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த புகார்க் கடிதம் இது:

'ஐ சப்மிட்டட் த ஃபார்ம் ஆன் த ஃபிஃப்த் ஆஃப் ஜூன். ஃபர்தர்மோர், ஐ பெய்ட் த ஃபீ ஆன் த சேம் டே. ஹவெவர், த சர்ட்டிஃபிகேட் ஹாஸ் நாட் அரைவ்ட். தேர்ஃபோர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு லுக் இன்டு த மேட்டர்.'

நான்கு வாக்கியத்தில் மூன்று இணைப்பு; ஒன்றும் தவறில்லை. படிவமும் பணமும் ஒரே நாளில் கொடுத்தவை, ஆகவே அண்ட் போதும். சான்றிதழ் வரவில்லை என்பது எதிர்பார்த்ததற்கு மாறானது. அங்கே மட்டும் படிப்பவர் திரும்ப வேண்டும். வேண்டுகோள் எதிலிருந்து வருகிறது என்பது வெளிப்படை; தேர்ஃபோர் அதைச் சொல்லத் தேவையில்லை. இருவரும் உட்கார்ந்து அடித்துத் திருத்தியபின் அவர் அனுப்பியது:

'ஐ சப்மிட்டட் த ஃபார்ம் அண்ட் பெய்ட் த ஃபீ ஆன் த ஃபிஃப்த் ஆஃப் ஜூன், பட் த சர்ட்டிஃபிகேட் ஹாஸ் நாட் அரைவ்ட். ப்ளீஸ் டெல் மீ வென் ஐ கேன் எக்ஸ்பெக்ட் இட்.'